"போனைப் பிடுங்கிடுவீங்கன்னுதான் சொல்லல"

என் எதிரே உட்கார்ந்திருந்த பதினாலு வயதுப் பையன் மடியில் போனைக் கவிழ்த்து வைத்திருந்தான். அது அதிரும்போதெல்லாம் அவன் தோள் ஒடுங்கியது. சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, பரீட்சை பயமாக இருக்கும் என்று நினைத்துத்தான் அழைத்து வந்திருந்தார்கள். விஷயம் வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது. "ஏன்டா, அன்னைக்கே எங்ககிட்ட சொல்லல?" என்று அப்பா கேட்டார். அவன் சொன்ன பதில்தான் மேலே இருக்கும் தலைப்பு. குழந்தைகள் மனநல ஆலோசகராக இந்தப் பதிலை நான் வெவ்வேறு குரல்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஆன்லைன் கேமில் ஒரு 'பொண்ணு' பழக்கமாகியிருக்கிறாள். முதலில் "சூப்பரா ஆடுற" என்று பாராட்டு. அப்புறம் கேமுக்குள் செலவழிக்கும் காயின்கள் பரிசு. பிறகு, "இங்க பேச வசதியில்ல, வேற ஆப்புக்கு வா." இந்த இடமாற்றத்தைத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும். கொஞ்சமாவது கண்காணிப்பு இருக்கும் இடத்திலிருந்து, மெசேஜ் தானாக அழிந்துபோகும் இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகிறார்கள். அங்கே அவள் ஓர் அந்தரங்கப் படம் அனுப்பி, பதிலுக்கு ஒன்று கேட்டாள். இவன் அனுப்பியதும் பொண்ணு மாயமாகிவிட்டாள், பணம் கேட்கும் ஆள் வந்துவிட்டான். கூடவே, பணம் வராவிட்டால் படம் இவர்களுக்குப் போகும் என்ற மிரட்டலோடு இவனுடைய இன்ஸ்டாகிராம் நண்பர்கள் பட்டியலின் ஸ்க்ரீன்ஷாட்.

பெண்பிள்ளை வைத்திருப்பவர்கள்தான் கவலைப்பட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். படத்தைக் காட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் அதிகம் குறிவைப்பது பதின்ம வயதுப் பையன்களைத்தான்.

அந்த நண்பர்கள் பட்டியல் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? பையனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அவன் கேட்டான் என்று அப்பாவே 18 வயது எனப் போட்டு அக்கவுண்ட் திறந்து கொடுத்திருக்கிறார். இன்ஸ்டாகிராமில் சேரக் குறைந்தபட்ச வயது 13. 2024இல் அவர்கள் கொண்டுவந்த டீன் அக்கவுண்டில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும், பழக்கமில்லாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது. ஆனால் அந்தக் கணக்கின்படி இவனுக்கு வயது 23! இன்றைக்கு ஒரே ஒரு வேலை செய்ய நேரம் இருந்தால், பிள்ளையின் கணக்குகளில் பிறந்த தேதியைப் பாருங்கள். ஃபேமிலி லிங்க் மாதிரியான கட்டுப்பாட்டு ஆப்கள் சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. பதினாலு வயதுக்காரன் அதைத் தாண்டும் வழியை நண்பனிடம் கேட்டுக்கொள்வான்.

மாட்டிக்கொண்டபின் என்ன செய்வது? பணம் கொடுக்காதீர்கள், ஒரு முறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். பதற்றத்தில் பெற்றோர் முதலில் செய்வது சாட் மெசேஜ்களை அழிப்பது. அதோடு ஆதாரமும் போய்விடும். அந்த ஆளின் யூசர்நேம், மிரட்டல், தேதி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பிறகு ரிப்போர்ட், பிளாக், போலீஸ். பிள்ளையின் படத்தை மட்டும் யோசனை கேட்பதற்காகக்கூட யாருக்கும் ஃபார்வர்ட் செய்ய வேண்டாம்.

'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவசச் சேவை இருக்கிறது. அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டலுக்கு ஆளாகும் குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துவது. 18 வயதுக்கு முன் எடுத்த அந்தரங்கப் படமாக இருந்தால் போதும், பெயர் சொல்ல வேண்டாம். படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை போல ஓர் எண்கோவை மட்டும் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்கள் அதை வைத்து அந்தப் படத்தைத் தேடி நீக்கும். அன்றைக்கு என் அறையிலேயே அதைச் செய்தோம். படம் வேறெங்கும் போகாது என்று அவன் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டான்.

கிளம்பும்போது போன் மறுபடி அதிர்ந்தது. அப்பாவின் கை வழக்கம்போல அதன் பக்கம் நீண்டு, பாதியில் நின்றது. "இன்னைக்கு ராத்திரி மட்டும் நான் வச்சுக்கட்டுமாடா? மெசேஜ் வந்தா நான் பாத்துக்கறேன்" என்றார்.

பையன் தானாகவே போனை எடுத்து அவர் கையில் வைத்தான்.