செரெங்கெட்டியில் ஏன் மரம் இல்லை?

"டிவியில் பார்க்கும் செரெங்கெட்டி ஒரே புல்வெளியாக இருக்கிறதே, மழை போதாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தான்சானியாவின் அந்தப் பூங்கா முழுக்க அப்படி இல்லை. வடக்கிலும் மேற்கிலும் மரங்கள் உண்டு. தென்கிழக்குச் சமவெளிதான் மொட்டை. அங்கே மழை குறைவு என்பதும் சரிதான், ங்கொரொங்கோரோ மேட்டுநிலம் மழையை மறித்துவிடுகிறது. ஆனால் அதே சமவெளியில் துருத்தி நிற்கும் கருங்கல் குன்றுகளில் அத்தி மரங்கள் வளர்கின்றன. அப்படியானால் விஷயம் மண்ணுக்குள் இருக்கிறது.

கிழக்கே, பெரும் பிளவுப் பள்ளத்தாக்கில் வரிசையாக எரிமலைகள். அவற்றில் ஓல் டொய்ன்யோ லெங்காய் இன்றும் உயிரோடு இருக்கிறது. பெயருக்கு, அங்கே மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களின் மொழியில் 'கடவுளின் மலை' என்று பொருள். சாதாரண எரிமலைக் குழம்பு 1,100 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொதிக்கும். இதில் 500 முதல் 600 டிகிரிதான். காரணம், மணலில் இருக்கும் சிலிக்காவுக்குப் பதில், சுண்ணாம்புக் கல்லில் இருப்பதுபோன்ற கார்பனேட். இன்று இப்படிக் கக்கும் எரிமலை உலகில் வேறு இல்லை. அதிலுள்ள சோடியம், கால்சியம் கலந்த ஒரு கனிமத்துக்கு நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நியெரெரேயின் பெயரால் நியெரெரைட் என்று பெயர்.

இந்த மலையும் இதற்கு மூத்த எரிமலைகளும் வெடித்தபோதெல்லாம், கீழைக்காற்று சாம்பலைச் சமவெளியில் தூவியது. அப்புறம் மழை பெய்கிறது. சாம்பலில் உள்ள கால்சியம் கரைந்து தண்ணீரோடு கீழே இறங்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: அந்த மழை, கரைக்கப் போதும், அடித்துக்கொண்டு போகப் போதாது. கொஞ்ச ஆழத்திலேயே புல்வேர் தண்ணீரை உறிஞ்சிவிடும், மிச்சத்தை வெயில் இழுத்துவிடும். கால்சியம் கார்பனேட் அங்கேயே படிந்து நின்றுவிடுகிறது. மழைக்கு மழை இதே கதை. பல இடங்களில் ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிமெண்ட் தளம் போட்டதுபோல் இறுகிவிட்டது. நம் ஊரில் கிணறு வெட்டுகிறவர்கள் சுக்கான் பாறை என்பார்களே, அந்த இனம். மர வேர் அதைத் துளைக்க முடியாது. புல்லுக்கு மேல்மண்ணே போதும்.

அந்தப் புல்லில் கால்சியமும் பாஸ்பரசும் அதிகம். ஜனவரி முதல் மார்ச் வரை லட்சக்கணக்கான வைல்டுபீஸ்ட்கள் (மாடு போலத் தெரியும் பெரிய மான்கள்) குட்டி போட இங்கேதான் வருகின்றன. பால் கொடுக்கும் தாய்க்கு இதைவிட நல்ல மேய்ச்சல் கிடைக்காது.

மழை வேண்டியும் பிள்ளை வேண்டியும் மாசாய் மக்கள் லெங்காயை வழிபடுகிறார்கள். அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மேய்ச்சல் அந்த மலைகள் தந்ததுதானே?

குன்றுகளில் மட்டும் அத்தி எப்படி? அங்கே சுக்கான் இல்லை. கருங்கல் வெடிப்புகளில் வேர் இறங்குகிறது. பாறையில் வழியும் மழைநீரும் அங்கேயே போய்ச் சேர்கிறது.