தாத்தாவின் பட்டாளத்து ரிவால்வர்: வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டுமா?

முதல் உலகப்போரிலோ இரண்டாம் உலகப்போரிலோ பணிபுரிந்தவரின் வீட்டில், பழைய டிரங்குப் பெட்டியில் துணி சுற்றிய ரிவால்வர் ஒன்று கிடைக்கிறது. "நூறு வருசத்துப் பொருள், சுடவா போகிறது? ஷோகேஸில் வைத்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 45ஆவது பிரிவு சில பொருள்களுக்கு விலக்கு தருகிறது. வழக்கொழிந்த வகையைச் சேர்ந்தவை, தொல்பொருள் மதிப்புள்ளவை, பழுதானவை எல்லாம் அதில் வரும். ஆனால் கூடவே ஒரு நிபந்தனை உண்டு: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாது என்ற நிலையில் இருக்க வேண்டும். ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, துரு ஏறியிருக்கிறது என்பதெல்லாம் போதாது. ஸ்பிரிங்கை மாற்றினால் சுடும் என்றால் லைசென்ஸ் வேண்டும்.

2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு தளர்வு தந்தது. அரும்பொருள் வகையில் வரும் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் லைசென்ஸ் இல்லாமல் வாங்கலாம், வைத்திருக்கலாம். சுடவோ வெளியே எடுத்துச் செல்லவோ மட்டும் லைசென்ஸ் வேண்டும். இதைப் படித்துவிட்டுப் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். உங்கள் ரிவால்வர் அந்த வகையில் வருமா என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். லைசென்ஸ் தரும் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இந்தியாவில் பழைய ராணுவ ரிவால்வர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெப்லி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் ரிவால்வர். அதன் மாடல்களுக்கு மார்க் என்று பெயர். 1887இல் மார்க் 1 வந்தது. 1915இல் ஏற்கப்பட்ட மார்க் 6தான் முதல் உலகப்போரில் பேர் வாங்கியது. ஆறு தோட்டா, ஆறு அங்குலக் குழல், .455 போர் (bore, அதாவது குழலின் உள்விட்ட அளவு). குழல் கீழ்நோக்கி மடங்கித் திறக்கும். முந்தைய மார்க்குகளின் பிடி பறவைத் தலைபோல் வளைந்திருக்கும். மார்க் 6இன் பிடியோ அடியில் சதுரமாக இருக்கும். மார்க் எண் ரோமன் எழுத்தில் பொறித்திருக்கும். அம்புக்குறி முத்திரை இருந்தால் அது அரசுச் சொத்தாக இருந்தது என்று பொருள். இரண்டு அம்புகள் முனையோடு முனை பார்த்தபடி இருந்தால் படையிலிருந்து விற்றுக் கழித்தது. தாத்தாவுக்கு அது எப்படி வந்தது என்று பின்னால் கேள்வி வரும்போது இந்தச் சின்ன முத்திரை கைகொடுக்கலாம். அடுத்து வந்தது என்பீல்டு நம்பர் 2. 1930களில் படைக்கு வந்த இதன் போர் .380.

குழலின் போர் அளவைத் தெரிந்துகொள்வதுதான் இதில் முக்கியம். ஆயுத விதிகளின் முதல் அட்டவணை, .380, .455 ராணுவத் தோட்டாக்களைச் சுடக்கூடிய ரிவால்வர்களைத் தடை செய்யப்பட்ட போர் வகையில் வைத்திருக்கிறது. அதற்கான லைசென்ஸ் மத்திய அரசின் கையில். அதே வெப்லி கம்பெனியின் .32 ரிவால்வர் என்றால் தடையில்லாத போர். மாவட்டத்தில் கலெக்டர், சென்னை போன்ற மாநகரங்களில் போலீஸ் கமிஷனர் என்று உள்ளூரிலேயே வேலை முடியும். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும், மனு போகும் ஊர் வேறு.

சரி, கிடைத்த அன்று என்ன செய்வது? தாத்தாவின் லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். சிலிண்டரில் தோட்டா இருக்கிறதா என்று நோண்ட வேண்டாம், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டாலோ லைசென்ஸ் காலாவதியானாலோ, வீணாகக் காலம் கடத்தாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு. பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். நிலையத்துக்கு போன் செய்து சொல்லிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்வதே நல்லது. வரிசை எண்ணோடு ரசீது வாங்குங்கள். ஒப்படைத்தால் போய்விட்டது என்று அர்த்தமில்லை: குறித்த காலத்துக்குள் உங்கள் பெயரில் லைசென்ஸ் எடுத்து மீட்கலாம், அல்லது வைத்திருக்கத் தகுதியுள்ளவருக்கு விற்கலாம். மறந்துவிட்டால் அரசுக்குப் போகும்.

வாரிசு லைசென்ஸுக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வழி தருகின்றன. லைசென்ஸ்தாரர் இறந்த பிறகுதான் கேட்க முடியும் என்பதில்லை. அவருக்கு 70 வயதானாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ உயிரோடு இருக்கும்போதே மாற்றித் தரலாம். வாரிசுச் சான்றும், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதமும் கேட்பார்கள். பல வீடுகளில் இழுபடுவது இந்தக் கடிதம்தான். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். பரம்பரையாக வந்தது என்றாலும் அந்தக் கணக்குக்குள் அடங்கும்.

லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு சிறை. தடை செய்யப்பட்ட ஆயுதம் என்று வகைப்பட்டால் 7 முதல் 14.

மதிப்புப் பார்க்கும்போது வரிசை எண் எல்லாப் பாகத்திலும் ஒத்துப்போகிறதா, முத்திரைகள் தேயாமல் இருக்கின்றனவா, பழைய நீலப்பூச்சு மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாலிஷ் போட்டுப் பளபளக்க வைத்தால் விலை இறங்கும். நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள் என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்கிறது என்று தனியார் யாரும் அனுப்பிவிட முடியாது.