இம்புயாவா, ஸ்டிங்க்வுட்டா? பழைய மேசையைத் தேய்த்துப் புதுப்பிக்கும் முன் மரத்தைக் கண்டுபிடிப்பது

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஆயா, தாத்தா காலத்துக் கறுத்த சாப்பாட்டு மேசை எந்த வீட்டில் இருந்தாலும், அது ஸ்டிங்க்வுட் என்ற தென்னாப்பிரிக்க உள்ளூர் மரம் என்று அடித்துச் சொல்ல ஒரு மாமா இருப்பார். பல சமயம் அது இம்புயாவாக இருக்கும். பிரேசிலிலிருந்து கப்பலேறி வந்த மரம் அது. உருண்டையைக் கவ்விய நகக் கால்களோடு 20ஆம் நூற்றாண்டில் இங்கே செய்த கனத்த மேசைகள் நிறைய அதில்தான். மாமாவையும் குறை சொல்ல முடியாது. இரண்டும் ஒக்கோட்டியா என்ற ஒரே பேரினம், இலவங்கப்பட்டையின் குடும்பம்.

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். மரத்தின் வைரத்தில், அதாவது கெட்டியான நடுப்பகுதியில், ஊறியிருக்கும் வேதிப்பொருள்கள் வெளிச்சம் பட்டுப் பட்டு மாறிவிடும், போதாததற்கு மலிவான மரத்துக்கும் சாயம் ஏற்றி பாலிஷ் போட்டிருப்பார்கள். மேசைப் பலகையின் அடியில், கண்ணில் படாத இடத்தில் பிளேடால் லேசாகச் சுரண்டி உடனே மோந்து பாருங்கள் (இழுப்பறையின் உள்பலகை வேண்டாம், அது பெரும்பாலும் வேறு மலிவு மரம்). மசாலா வாசனை அடித்தால் இம்புயா. ஸ்டிங்க்வுட் பச்சையாக அறுக்கும்போதுதான் நாறும், காய்ந்தபின் அது போய்விடும், அதனால் வாசனையே இல்லை என்பதை வைத்து மாமா ஜெயித்துவிட்டார் என்று சொல்லிவிட முடியாது. இம்புயாத் தூள் மூக்கையும் கண்ணையும் எரிக்கும், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையான விஷயம் இருப்பது பலகையின் முனையில், அதாவது மரத்தைக் குறுக்காக அறுத்த பக்கத்தில். புதிய பிளேடால் அதில் கொஞ்சம் சீவி, ஈரத்துணியால் துடைத்துவிட்டு, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். ஊசியால் குத்தியது போலத் துளைகள் தெரிந்தால், அவை மரம் உயிரோடிருந்தபோது தண்ணீர் ஏறிய நாளங்கள். ஊசியிலை மரங்களில் அவை கிடையாது. யெல்லோவுட்டிலும் ஓரிகன் பைனிலும் துளை தெரியாததற்குக் காரணம் அதுதான். அந்த இரண்டையும் பிரிப்பது சுலபம்: ஓரிகன் பைனில் வெளிர் பட்டையும் கடினமான கரும்பட்டையும் மாறி மாறி வரும், யெல்லோவுட் ஒரே சீராக இருக்கும். ஓரிகன் பைனை வெறும் கையால் தேய்த்தால் மென்மையான பட்டை மட்டும் குழிந்து அலை அலையாகிவிடும், உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும்.

தேக்கில் ஒவ்வொரு வளையமும் தொடங்கும் இடத்தில் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். ரொடீஷியன் டீக் என்று விற்றது தேக்கே அல்ல, புளியமரத்தின் உறவு. அதில் துளைகள் சிதறிக் கிடக்கும், எடையும் அதிகம்: தேக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ என்றால் இது 900 கிலோவை ஒட்டி வரும். தூக்கிப் பார்த்தாலே சந்தேகம் வந்துவிடும்.

எனக்குப் பிடித்த சோதனை கியாட் என்ற ஆப்பிரிக்க மரத்துக்கானது. நம் வேங்கையும் அதுவும் ஒரே பேரினம், டெரோகார்ப்பஸ். சர்க்கரைக்கு நல்லதென்று வேங்கைக் குவளையில் ஊற்றி வைக்கும் தண்ணீரில் ஒரு நீலம் மினுங்குமே, அது மரத்திலிருந்து கரைந்து வந்த பொருள் ஒளிர்வதால்தான். கியாட் சீவலைக் கண்ணாடித் தம்ளரில் ஊறவைத்து, நோட்டுச் சோதிக்கும் புற ஊதா டார்ச்சை அடித்தால் அந்த நீலம் தெரியும்.

அப்புறம், முனையைப் பார்க்கும்போதே மேலே இருக்கும் ரேகை பலகையின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்குகிறதா என்றும் பாருங்கள். இறங்காமல் மெல்லிய கோடு ஒன்றில் நின்றால் அது வெனீர், அதாவது வேறு பலகையின் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம். மேலே இருப்பது ஸ்டிங்க்வுட் வெனீர் என்றால் இன்னும் கவனம் தேவை. அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மரம், ஒட்டுப்போடப் புதுத் துண்டு சுலபமாகக் கிடைக்காது. தேய்க்கும் மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு, ஓரத்தில் பஞ்சில் மெதிலேட்டட் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். பழைய பாலிஷ் அரக்கு என்றால் இளகி வந்துவிடும், தேய்க்க வேண்டிய வேலையே பாதிக்கு மேல் மிச்சம்.