ஹட்டன் டவுனிலிருந்து லயம் வரை: எந்த அரசாங்கத்தின் கை எதுவரை நீளும்?

இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் ஓட்டோ பிடித்து லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போகிறோம் என்று வையுங்கள். ஏ7 பாதையில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பாதை, அதாவது கொழும்புக் காசு, மத்திய அரசாங்கத்தின் காசு. சந்தியில் திரும்பினால் மாகாணத்தின் பாதை. தார் இருக்கும், ஓரம் கரைந்திருக்கும். இன்னும் உள்ளே போனால் பிரதேச சபை போட்ட கொங்கிரீட் துண்டு. தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டியதும் கல்லும் சேறும். "இதுக்கு மேல ஏறாதுங்க, இறங்கி நடந்துருங்க" என்பார் ஓட்டோக்காரர். அதுதான் தோட்டப் பாதை.

ஒரே பயணத்தில் பாதை நான்கு கை மாறிவிட்டது. மத்திய அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு எல்லை வைப்பதைப் பற்றி மேடையில் பேசும்போது பெரிய விஷயமாகத் தெரியும். நமக்கு அது இந்தப் பாதைதான்.

இலங்கை சமஷ்டி நாடு அல்ல. அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரை ஒற்றையாட்சி என்றே சொல்கிறது. இருந்தாலும் 1987இல் வந்த 13ஆவது திருத்தம் வேலைகளை மூன்று நிரல்களாகப் பிரித்தது. மாகாண சபை நிரலில் உள்ளவை மாகாணத்துக்கு. ஒதுக்கிய நிரலில் உள்ளவை கொழும்புக்கு. ஒருங்கிய நிரலில் இரண்டு பேருக்கும் கை உண்டு.

பாதுகாப்பில் சந்தேகத்துக்கே இடமில்லை. முப்படையும் தேசிய பாதுகாப்பும் முழுக்கக் கொழும்பின் கையில். மண்சரிவு நடந்த இடத்தில் மண் அள்ள வரும் இராணுவத்துக்கு எந்த மாகாண சபையும் கட்டளை போட முடியாது. பொலிஸ் மட்டும் மாகாண நிரலில் முதலாவதாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த அதிகாரம் இத்தனை வருடமாகக் காகிதத்தை விட்டு இறங்கவில்லை.

வரியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 148ஆவது உறுப்புரைப்படி அரச நிதி முழுவதும் பாராளுமன்றத்தின் கட்டுப்பாட்டில். பாராளுமன்றச் சட்டம் இடம் கொடுக்காமல் எந்த உள்ளூர் சபையும் ஒரு ரூபாய்கூட வரியாக வாங்க முடியாது. கடையில் சோப்பு வாங்கும்போது நாம் கொடுக்கும் வற் வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம், நேரே திறைசேரிக்குப் போகிறது. ஓட்டோவுக்கு வருடா வருடம் எடுக்கும் வருமான அனுமதிப் பத்திரத்தின் காசு மாகாணத்துக்கு. காணி கைமாறும்போது கட்டும் முத்திரை வரியும் மாகாண நிரலில்தான் இருக்கிறது. டவுன் பக்கத்து வீடு, கடைகளின் சோலை வரியும், பயிர்க்காணிகளின் ஏக்கர் வரியும் பிரதேச சபைக்கு. ஆக, பெரிய வரிகள் மேலே, சில்லறை கீழே. மாகாண சபை புதிதாக ஒரு வரிக்கு நியதிச்சட்டம் (மாகாண சபை இயற்றும் சட்டம்) கொண்டுவர வேண்டுமானால்கூட ஆளுநரின் சிபாரிசு வேண்டும். அந்த ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி.

மிச்சக் காசு மேலிருந்து வரும். எந்த மாகாணத்துக்கு எவ்வளவு என்று சிபாரிசு செய்ய ஐந்து பேர் கொண்ட நிதி ஆணைக்குழு இருக்கிறது. சனத்தொகையையும் தலா வருமானத்தையும் பார்த்து, பின்தங்கிய இடங்களின் இடைவெளியைக் குறைக்கும்படி பங்கிட வேண்டும் என்பது விதி. வரும் காசில் பெரும்பகுதி ஆசிரியர், வைத்தியசாலை ஊழியர் சம்பளத்துக்கே போய்விடுகிறது என்பது வேறு கதை.

இந்தப் பிரிப்பில் என் பார்வைக்குப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. ஒதுக்கிய நிரலின் முதல் வரியே "எல்லா விடயங்களுக்குமான தேசியக் கொள்கை" கொழும்புக்கு என்கிறது. அதைக் காட்டி எதற்குள்ளும் கை வைக்கலாம். மலையகத்துக்கு இன்னொரு அடியும் இருக்கிறது. விவசாயத்தை மாகாணத்துக்குக் கொடுத்தவர்கள், பெருந்தோட்ட விவசாயத்தை மட்டும் விலக்கி எழுதினார்கள். கொழுந்தும் காணியும் கொழும்போடு. அந்தத் தோட்டங்களின் நிர்வாகமோ 1992இலிருந்து கம்பனிகளிடம்.

நம் ஆட்கள் பிரதேச சபைக்கு வாக்குப் போட்டார்கள். ஆனால் தோட்டத்துக்குள் செலவு செய்ய சபைக்குச் சட்டம் குறுக்கே நின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவுதான் அந்தக் குறுக்குக் கம்பு. 2018இல் அதைத் திருத்தினார்கள். இப்போது தோட்டக் குடியிருப்புகளின் பாதை, கிணறு போன்ற பொது வசதிகளுக்குச் சபை நிதியைச் செலவிடலாம். அதே வருடத் தேர்தலில்தான் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு சபைகள் ஆறாகின. கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் புதிதாக வந்தன. அதுவரை அந்த இரண்டு பிரதேசங்களிலும் தலா 2 லட்சத்துக்கு மேற்பட்ட சனத்துக்கு ஒரே சபை.

சரி, வேலை ஆக வேண்டுமென்றால் எந்தக் கதவைத் தட்டுவது? இதில் அதிகம் குழம்புவது பெயரால்தான். பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. செயலகம் மத்திய அரசாங்கத்தின் அலுவலகம். கிராம சேவகர் வேலை செய்வது அதன் கீழ். சபை நாம் வாக்குப் போட்டு வந்தது. லயத்துப் பாதைக்குச் செயலகத்தில் வரிசையில் நின்றுவிட்டு, "இது சபை வேலை அம்மா" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போனதுதான் மிச்சம்.

மாகாண சபையில் இப்போது கேட்பதற்கு உறுப்பினரே கிடையாது. மத்திய மாகாணத்தில் கடைசித் தேர்தல் 2013இல், ஊவாவில் 2014இல். இரண்டு சபைகளின் காலமும் முடிந்த பிறகு ஆளுநரும் அதிகாரிகளும்தான் நடத்துகிறார்கள். கொழும்பின் கைக்கு எல்லை வைக்க வந்த சபையை, கொழும்பு நியமித்தவரே கொண்டு நடத்துகிறார்!

ஆகவே இன்றைக்கு உயிரோடு இருக்கும் கதவு பிரதேச சபை. முதலில் உங்கள் பாதை சபையின் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஏறவில்லை என்றால் தோட்ட ஆபிசில் துரையோடும் (தோட்ட முகாமையாளரோடும்) பேச வேண்டியிருக்கும். கோரிக்கைக் கடிதத்தை வருட முடிவில் கொடுக்காதீர்கள். அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் சபைக்கு வருவதற்கு முன்பே கொடுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதியோடு சீல் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே சபையில் ஒரு விண்ணப்பம் போடலாம்: எங்கள் தோட்டத்து டிவிசனுக்கு (பிரிவுக்கு) இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள்? தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். தமிழில் எழுதினால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.