தங்கம் எடுக்க ஆசிட் வேண்டாம், பிரிக்கத் தெரிந்தால் போதும்

மின்னணுக் கழிவைப் பிரித்து விற்பது என் தொழில். பழைய கம்ப்யூட்டர் போர்டு கையில் கிடைத்தவர்கள் முதலில் கேட்பது, "ஆசிட் ஊற்றி நாமே தங்கம் எடுக்கலாமா?" என்பதுதான். தயவுசெய்து வேண்டாம். காசு பிரிப்பதில்தான் இருக்கிறது.

ஒருவர் ஒரு மூட்டை நிறையக் கொண்டுவந்தார். ராம் (கம்ப்யூட்டரில் செருகும் மெமரிப் பட்டை), மதர்போர்டு, சார்ஜர், டிவி போர்டு எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. கலந்த மூட்டைக்கு, அதில் இருக்கும் மட்டமான சரக்கின் விலைதான் கிடைக்கும். கொட்டிப் பிரித்தோம். ராம் தனி, அதன் விளிம்பில் வரிசையாகத் தெரியும் மஞ்சள் பற்கள் தங்க முலாம். பழைய செராமிக் பிராசசர், அதாவது பீங்கான் உறை போட்ட கம்ப்யூட்டரின் முதன்மைச் சிப், தனி. முலாம் பூசிய பின்களோடு உள்ளேயும் தங்கம் உண்டு, உடைக்காமல் வைக்க வேண்டும். மதர்போர்டு தனி. பவர் சப்ளை, டிவியில் வரும் பழுப்புப் பலகைகளில் பெரும்பாலும் செம்பும் சாலிடரும்தான், அவை கடைசிக் குவியல். மஞ்சளாக இருக்கிறதே என்று பித்தளைத் திருகைச் சேர்த்துவிடாதீர்கள். சூட்டைத் தணிக்கும் அலுமினிய ஹீட் சிங்க்கையும் இரும்புத் தகடுகளையும் கழற்றித் தனியாக விற்கலாம். பேட்டரியை முதலிலேயே எடுத்துவிடுங்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் கிடங்கே தீப்பிடிக்கும்.

சரி, ஆசிட்டுக்கு வருவோம். அந்தத் தங்க முலாம் பெரும்பாலும் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம்கூட இருக்காது. அதற்காக நைட்ரிக் ஆசிட்டில் எழும் பழுப்புப் புகையைச் சுவாசித்தால், அப்போதைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து உயிரே போகலாம். போர்டை எரித்தால், தீப்பிடிக்காமலிருக்க அதில் சேர்த்த புரோமின் சேர்மங்களிலிருந்து டையாக்சின் என்ற கொடிய நச்சு கிளம்பும். சுற்றியிருக்கும் குழந்தைகளும் அதைத்தான் சுவாசிப்பார்கள்.

பெரிய உருக்காலைகளில் போர்டுகள் முழுதாக உருகும்போது தங்கம், வெள்ளி, பலேடியம் மூன்றும் செம்போடு கலந்து இறங்கும். அப்புறம் மின்பகுப்பில், அதாவது மின்சாரம் செலுத்திப் பிரிக்கும்போது, செம்பு பிரிய, இவை அடியில் சேறாகத் தங்கும். புகையைப் பிடித்துச் சுத்திகரிக்கவும் அங்கே வசதி உண்டு. அதனால் அரசு அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கே விற்றுவிடுங்கள். ஆசிட்டில் ஒருமுறை முக்கியெடுத்த போர்டை நல்ல விலைக்கு யாரும் எடுக்கமாட்டார்கள்.

பெரிய அளவுச் சரக்கு என்றால், அனுப்பும் முன் ஒவ்வொரு குவியலையும் எடைபோட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று பரிசோதிக்க வாங்குபவர் எடுக்கும் மாதிரியில் ஒரு பங்கை முத்திரையிட்டு உங்களிடம் தரச் சொல்லுங்கள். பரிசோதனை முடிவு மேல் சந்தேகம் வந்தால் அந்தப் பங்கை இரு தரப்பையும் சேராத ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.