பதிவு எண் இல்லாத தொழிற்சங்கத்தின் வழக்கு நிற்குமா?

"சார், சங்கத்துக்கு இன்னும் பதிவு எண் வரல. கேஸ் நிக்காதுன்னு கம்பெனி வக்கீல் சொல்றாராம்." என் அலுவலகத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நிர்வாகத் தரப்பு எதிருரையைப் புரட்டினால் முதல் பக்கத்திலேயே அந்த ஆட்சேபணை இருக்கும்: சங்கம் பதிவு பெறாதது, எனவே இந்தத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு விசாரிக்க அதிகாரமே இல்லை. அரசியலமைப்பின் 19ஆவது உறுப்பு தந்திருக்கும் சங்கம் சேரும் உரிமைக்குப் பதிவுச் சான்றிதழ் தேவையில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சான்றிதழ் தருவது வேறு ஒன்று. 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் கதை இதற்கு நல்ல பாடம். ஆலைத் தகராறு முற்றியபோது ஆலையை நடத்திய பின்னி நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், சங்கத் தலைவர் பி.பி. வாடியா உள்ளிட்டோருக்கு எதிராகத் தடையுத்தரவு வாங்கியது. தொழிலாளரைத் திரட்டியவரையே சிவில் வழக்கில் இழுக்க முடிந்தது. இந்த அனுபவமும் சேர்ந்துதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதன் 13ஆவது பிரிவு பதிவு பெற்ற சங்கத்தைச் சட்டப்படி ஒரு தனி நபராக்கியது. 17, 18 பிரிவுகள் குற்றச்சதி வழக்கிலிருந்தும் சில சிவில் வழக்குகளிலிருந்தும் நிர்வாகிகளைக் காத்தன. பதிவில்லாத சங்கத்துக்கு இந்தக் கவசம் கிடையாது. பேங்க் கணக்கு, சொத்து, சொந்தப் பெயரில் வழக்கு எல்லாமே சிக்கல்தான்.

ஆனால் நீதிமன்ற அதிகாரம் பதிவிலிருந்து பிறப்பதில்லை. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம் தொழில் தகராறு என்று சொன்னது முதலாளிக்கும் தொழிலாளர்களுக்கும் இடையே எழும் தகராறை. முதலாளிக்கும் சங்கத்துக்கும் இடையே என்று அது சொல்லவில்லை. சங்கம் அதைத் தூக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். பீகார் அரசு எதிர் கிருபா சங்கர் ஜெய்ஸ்வால் வழக்கில் (ஏ.ஐ.ஆர். தீர்ப்புத் தொகுப்பு, 1961) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: பதிவு பெறாத சங்கம் எழுப்பினாலும் தொழில் தகராறு தொழில் தகராறே. பிறகு ஒரு திருத்தம் 'தொழிற்சங்கம்' என்றால் பதிவு பெற்றதே என்று விளக்கம் சேர்த்தது. நிர்வாக வக்கீல்கள் அதைத்தான் காட்டுவார்கள். ஆனால் 'தொழில் தகராறு' என்பதன் விளக்கம் மாறவில்லையே!

ஒரு சிறிய தொழிற்சாலை வழக்கு நினைவுக்கு வருகிறது. முப்பது சொச்சம் தொழிலாளர்கள். கோடுபோட்ட நீள நோட்டில் தீர்மானம், கீழே கையெழுத்துகள், ஓர் ஓரத்தில் நீல மையில் கைநாட்டு. எல்லாம் சரி, தேதிதான் இல்லை. "இதை எப்போது எழுதினீர்கள்?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டதும் செயலாளர் என் முகத்தைப் பார்த்தார். கேள்வியில் நியாயம் உண்டு. அரசு தகராறை விசாரணைக்கு அனுப்பிய நாளில் கணிசமான தொழிலாளர் ஆதரவு இருந்ததா என்பதே பழைய முறையில் உரைகல். பின்னால் வாங்கிய கையெழுத்து உதவாது.

பணிநீக்கம் என்றால் சங்கமே தேவையில்லை. 1947ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தின் 2ஏ பிரிவிலேயே தனி ஒருவர் தகராறு எழுப்ப முடிந்தது. சங்கப் பதிவுக்காகக் காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிட்டவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தம்.

2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டங்களுக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி தொழிலாளர் நீதிமன்றத்தின் வேலையைத் தொழில் தீர்ப்பாயம் ஏற்கும். தகராறின் விளக்கம் இங்கேயும் தொழிலாளர்களைத்தான் பேசுகிறது. பணிநீக்கப்பட்ட தனி நபரின் தகராறும் அதில் அடங்கும். சமரச அலுவலரிடம் மனு கொடுத்து 45 நாள் கடந்தால் அவர் நேராகத் தீர்ப்பாயம் போகலாம். பணிநீக்க நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பதிவில்லாதவர்கள் உண்மையில் இழப்பது பேச்சுவார்த்தை மேசையில்: பேச்சுவார்த்தைச் சங்கமாக அங்கீகாரம் பெறப் பதிவு கட்டாயம். ஆகவே பதிவுக்கு இன்றே விண்ணப்பியுங்கள், தகராறையும் இன்றே எழுப்புங்கள். தீர்மான நோட்டில் கூட்டம் நடந்த தேதியை மட்டும் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.