பாதியில் நின்ற ரிப்போர்ட் எங்கே இருந்தது?

ரேடியாலஜி படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நைட் டியூட்டியில் வயிற்று சி.டி. ஒன்றுக்கு ரிப்போர்ட் டிக்டேட் பண்ணிக்கொண்டிருந்தேன் சார். கரண்ட் போனது, யு.பி.எஸ்.ஸும் காலை வாரிவிட்டது, சர்வரும் சேர்ந்து படுத்துவிட்டது. ஜெனரேட்டர் வந்ததும் பக்கத்து அறையில் திறந்தால் கல்லீரல், பித்தப்பை, கணையம் எல்லாம் அப்படியே இருக்கிறது. கடைசியாகச் சொன்ன சிறுநீரக வரி மட்டும் இல்லை. 'வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்' என்று எச்சரிக்கை வேறு. அங்கே நான் ஒருத்திதான்!"

பக்கத்து அறையில் திறந்தது பெரிய அதிசயமில்லை. ஸ்கேன் ஒவ்வொன்றுக்கும் ஒரு அக்சஷன் நம்பர் உண்டு. டிராஃப்ட் அந்த நம்பரின் கீழ் சர்வரில் கிடக்கிறது. சைன் பண்ணும்வரை அது டிராஃப்ட். பண்ணிவிட்டால் திருத்த முடியாது, பின்குறிப்பாகச் சேர்க்கும் அடென்டம்தான்.

எழுதும் நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதுதான் சிக்கல். 'நோ கால்குலஸ்' என்பதில் 'நோ' மட்டும் அழிந்துபோனால், கல்லே இல்லாத சிறுநீரகத்தில் கல் முளைத்துவிடும். டிராஃப்ட் முழுசாகத் தொலைந்தால் இன்னொரு முறை பேசிக்கொள்ளலாம். பாதி மாறிய டிராஃப்ட்தான் ஆபத்து.

மளிகைக் கடையில் சிட்டை, பேரேடு என்று இரண்டு நோட்டு இருக்கும். யாவாரம் நடக்க நடக்கச் சிட்டையில் குறிப்பார்கள். கடை ஓய்ந்ததும் பேரேட்டில் ஏற்றுவார்கள். டேட்டாபேஸ் செய்வதும் அதையேதான். 'இந்த ரிப்போர்ட்டில் இந்த வரி சேர்ந்தது' என்று முதலில் லாக் (log) என்ற குறிப்புக் கோப்பின் அடியில் ஒரு பதிவு. அது டிஸ்க்கில் இறங்கியது உறுதியான பிறகே 'சேவ் ஆயிற்று' என்று பதில் போகும். பேரேடு சாவகாசமாக மாறும்.

சர்வர் மறுபடி எழுந்ததும் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்ய வேண்டும். ஆனால் எது ஏற்கெனவே ஏறியது, எது ஏறவில்லை? எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இங்கேதான் இருக்கிறது. சிட்டையின் வரி ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. பேரேட்டின் பக்கம் ஒவ்வொன்றின் மூலையிலும், அதில் கடைசியாக ஏறிய வரியின் எண் இருக்கும். மூலையில் 412 என்றிருந்தால் அதுவரை தள்ளிவிட்டு 413-லிருந்து ஏற்றினால் போதும். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே திரும்பவும் கரண்ட் போனால்? போகட்டும், மூலை எண்ணே சொல்லிவிடும். எல்லாம் ஏறிய பிறகு, முடியாமல் அந்தரத்தில் நிற்கும் வேலைகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வரும்.

சிட்டையை முந்தி எழுதும் வழக்கம் பழையது. அதைச் செம்மையான முறையாக்கி 'ஏரீஸ்' என்ற பெயரில் 1992-ல் வெளியிட்டது ஐ.பி.எம். ஆய்வுக் குழு. 69 பக்கக் கட்டுரை. முதல் ஆசிரியர் சி. மோகன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். ஒழுங்காக ஓடும்வரை யார் கண்ணிலும் படாத இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு நம் ஊரில் யார் பணம் கொடுப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. ஆயுத பூஜைக்கு சர்வருக்குச் சந்தனப் பொட்டு வைக்க மட்டும் ஆள் தயார். தாராளமாக வையுங்கள், அன்றைக்கே யு.பி.எஸ். பேட்டரியையும் ஒரு கண் பாருங்கள்.

சிறுநீரக வரி திரையில் வந்திருக்கும், ஆனால் அந்த கம்ப்யூட்டரின் நினைவகத்தைத் தாண்டியிருக்காது. சிட்டைக்குப் போகாத வரியை யாராலும் மீட்க முடியாது.

அந்த 'வேறொருவர்'? ஒரே ரிப்போர்ட்டில் இரண்டு டாக்டர்கள் கை வைக்காமலிருக்க, திறந்தவர் பெயரில் ஒரு பூட்டு விழும். பூட்டும் ஒரு பதிவுதான். உங்கள் கணையத்தைக் காப்பாற்றிய அதே சிட்டை, பழைய அறையில் நீங்களே போட்ட பூட்டையும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்திருக்கும்.